லிக்னும்: ஒரு விறகுச் சொல்லைப் பற்றிய கேள்வி பதில்

இத்தாலிய 'லெஞ்ஞோ', ஸ்பானிய 'லெஞா', ருமேனிய 'லெம்ன்' மூன்றும் 'லிக்னும்' என்ற ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, என்னால் முடிந்தவரை பதில் தருகிறேன்.

கேள்வி: லத்தீன் அகராதியில் மரத்துக்கு ஆர்போர், மாத்தேரியா, லிக்னும் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. எதுதான் சரி?

மூன்றும் சரி. மண்ணில் வேரூன்றி நிற்பது ஆர்போர். வெட்டிய பிறகு, அதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும். உத்திரத்துக்கும் தூணுக்கும் போவது மாத்தேரியா, அடுப்புக்குப் போவது லிக்னும்.

இது வெறும் பேச்சு வழக்கு இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் தன்னிடமுள்ள லிக்னும் முழுவதையும் இன்னாருக்கு என்று உயில் எழுதிவிட்டு இறந்துபோகிறார். எதெல்லாம் அதில் சேரும்? மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ரோமானிய சட்ட அறிஞர் உல்பியானுஸ் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். லிக்னும் என்பது பொதுப்பெயர்தான். ஆனாலும் கட்டவும் முட்டுக்கொடுக்கவும் தேவைப்படுவது மாத்தேரியா, எரிப்பதற்கென்று தயார்செய்தது எதுவோ அது லிக்னும் என்கிறார். அதோடு விடவில்லை. எகிப்தில் நாணலையும் பாப்பிரஸையும் எரிக்கிறார்களே, அங்கே அவையும் லிக்னும் கணக்கில் சேரும் என்கிறார். ஜஸ்டினியன் காலத்தில், 533-இல் வெளியான சட்டத் தொகுப்பில் இந்தப் பகுதி இருப்பதால்தான் இன்று நம்மால் படிக்க முடிகிறது. ஒரு சொல்லின் பொருளை இவ்வளவு துல்லியமாக, அந்த மொழி பேசியவரே சொல்லிவைப்பது அபூர்வம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கவிஞர் ஹோரஸும் வேண்டாத வேலையைச் சொல்லும்போது 'காட்டுக்கு விறகு சுமப்பது' என்கிறார், நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோமே, அந்த மாதிரி. அவர் அங்கே சொல்லும் விறகும் 'லிக்னா'தான்.

கேள்வி: 'க்ன' எப்படி ஒரு ஊரில் 'ஞ' ஆகிறது, இன்னொரு ஊரில் 'ம்ன' ஆகிறது? நம்பவே முடியவில்லை.

லத்தீன்காரர்கள் எழுதியது 'லிக்னும்' என்றாலும், உச்சரிப்பு 'லிங்னும்' என்பதை ஒட்டியே இருந்தது என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. அங்கிருந்து தொடங்கினால் எளிது. 'ங்' அடிநாக்கில் பிறக்கிறது, 'ன்' நுனிநாக்கில். இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொன்னால் நாக்கு நடுவில் சமரசம் செய்துகொள்ளும். அந்த நடு ஒலிதான் 'ஞ'. இத்தாலியனில் அழுத்தி 'லெஞ்ஞோ', ஸ்பானியத்தில் 'லெஞா', போர்ச்சுகீசியத்தில் 'லேஞா'. எழுதும்போதுதான் ஆளுக்கொரு வழி: ஸ்பானியர்கள் ஓர் எழுத்தின் தலையில் அலைபோலக் கோடு போடுவார்கள், மற்றவர்கள் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். தமிழில் ஞகரத்துக்குத் தனி எழுத்தே இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

ருமேனியன் வேறு வழியில் போனது. அங்கே முதல் ஒலி உதட்டுக்கு நகர்ந்து 'ம்' ஆனது. இது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்த விபத்து இல்லை. 'அடையாளம்' என்று பொருள்படும் சிக்னும் அங்கே 'செம்ன்' ஆனது. முஷ்டியைக் குறிக்கும் புக்னுஸ் 'பும்ன்' ஆனது. 'எட்டு' என்ற எண்ணான ஒக்தோவிலும் 'க்' உதட்டுக்கு வந்து 'ஒப்த்' ஆகிவிட்டது. ஒரே மாற்றம் சொல்லுக்குச் சொல் ஒழுங்காகத் திரும்ப வந்தால்தான் உறவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

சார்டினியத் தீவில் 'லின்னா'. அங்கே இகரம் எகரமாக மாறாமல் அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி: இத்தாலியனில் லெஞ்ஞோ ஆண்பால், லெஞ்ஞா பெண்பால். மரத்தில் ஆண் மரம், பெண் மரமா?

இல்லை. லத்தீனில் ஆண்பால், பெண்பால் தவிர மூன்றாவதாக ஒரு நடுப்பாலும் உண்டு. லிக்னும் அந்த வகை. அதன் பன்மை 'லிக்னா'. பெண்பால் ஒருமைச் சொற்கள் பலவும் இதே 'ஆ' ஒலியில் முடியும். நடுப்பால் வழக்கொழிந்தபோது மக்கள் 'லிக்னா'வைப் பெண்பால் ஒருமை என்றே எடுத்துக்கொண்டார்கள். விறகை யாரும் ஒற்றைக் குச்சியாக வாங்குவதில்லை, கட்டாகவும் குவியலாகவும்தான் வாங்குகிறோம். அதனால் பன்மை வடிவம் 'விறகு' என்ற மொத்தப் பெயராக நிலைத்தது. லெஞ்ஞோ என்றால் மரம் என்கிற பொருள், லெஞ்ஞா என்றால் விறகு. ஸ்பானியத்திலும் 'லெஞோ' ஒரு கட்டை, 'லெஞா' விறகு. இலையும் இப்படித்தான்: ஃபோலியா என்ற பன்மைதான் ஸ்பானியத்தில் 'ஓஹா' என்ற பெண்பால் ஒருமை.

கேள்வி: அப்புறம் ஸ்பானியத்தில் மேசை செய்கிற மரத்துக்கு 'மதேரா' என்கிறார்களே?

அது மாத்தேரியாவின் வாரிசு. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பழைய பாகப்பிரிவினை அப்படியே நீடித்தது: கட்டுவதற்கு மதேரா, எரிப்பதற்கு லெஞா. இத்தாலியிலும் ருமேனியாவிலும் லிக்னும் வழிவந்த சொல்லே இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டது.

மாத்தேரியாவை 'மாத்தெர்', அதாவது தாய் என்ற சொல்லோடு சேர்ப்பது வழக்கம். கிளைகளைப் பெற்றெடுக்கும் அடிமரம் என்ற கருத்து. கிரேக்கத்தில் 'ஹூலே' என்றால் காடு, மரம். அரிஸ்டாட்டில் அதையே 'பருப்பொருள்' என்ற தத்துவச் சொல்லாக்கினார். ரோமானியர்கள் அதை மாத்தேரியா என்று பெயர்த்தார்கள். அதனால் ஸ்பானியத்தில் தச்சன் கையில் 'மதேரா'வும் அறிஞர் நாவில் 'மத்தேரியா'வும் ஒரே சொல்லின் இரண்டு பிறவிகளாக இருக்கின்றன.

இதே சொல்தான் அட்லாண்டிக்கில் உள்ள மதெய்ரா தீவின் பெயரும். அடர்ந்த காடு இருந்ததால் வந்த பெயர். 1420 வாக்கில் போர்ச்சுகீசியர்கள் அங்கே இறங்குவதற்கு முன்பே, 14-ஆம் நூற்றாண்டு வரைபடங்களில் 'லெஞ்ஞாமே' தீவு என்று இருக்கிறது. அது லிக்னும் வழிவந்த இத்தாலியச் சொல், பொருள் அதே வெட்டுமரம்.

கேள்வி: பிரெஞ்சில்?

பழைய பிரெஞ்சில் விறகுக்கு 'லெஞ்' போன்ற வடிவம் இருந்தது. பிறகு 'ப்வா' வந்து காடு, பலகை, விறகு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. அது ஜெர்மானிய மூலம் என்பது பொதுவான கருத்து. மாத்தேரியாவின் பழைய வாரிசு ஒன்று மட்டும் பீப்பாய் செய்பவர்களிடம் தங்கிவிட்டது: பிளந்த ஓக் பலகைக்கு அவர்கள் 'மெரென்' என்பார்கள்.

கேள்வி: நெய்வேலி லிக்னைட்டுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பழுப்பு நிலக்கரியில் பல சமயம் மரத்தின் ரேகை கண்ணுக்கே தெரியும். அதனால்தான் லிக்னுமிலிருந்து அந்தப் பெயரை எடுத்தார்கள். உல்பியானுஸ் சொன்ன 'எரிப்பதற்கென்று' என்பதும் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பொருந்தத்தான் செய்கிறது.