மினிமம் கட்டியும் கடன் ஏன் குறையவில்லை? – வாசகர் கேள்விகள்

கடனைப் பற்றி எழுதுபவர்கள் வட்டி எவ்வளவு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள். எதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைக் கடைசி வரை சொல்வதில்லை. சிலருக்கு அதைக் கேட்டுத் திருப்பி எழுதி, காகிதத்தின் நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல முடிந்தது. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. பல மாதமாக மினிமம் டியூ (பில்லில் போடும் குறைந்தபட்சத் தொகை) தவறாமல் கட்டுகிறேன். பெரிய செலவு எதுவும் இல்லை, மளிகையும் பெட்ரோலும்தான். ஆனாலும் பாக்கி அசையவே இல்லை. வங்கி ஏமாற்றுகிறதா? – கோயம்புத்தூர்

ஏமாற்றவில்லை. எல்லாவற்றையும் ஸ்டேட்மென்டில் பொடி எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறார்கள். நீங்கள் அனுப்பிய பில்லையே எடுத்துக்கொள்வோம். மாத வட்டி 3.5 சதவீதம். 60,000க்கு 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 378 ரூபாய். ஆக 2,478. மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 3,000. நீங்கள் கட்டிய 3,000இல் அசலுக்குப் போனது வெறும் 522 ரூபாய். அந்த மாதமே 522க்கு மேல் மளிகை வாங்கியிருந்தால் பாக்கி ஏறத்தான் செய்யும்.

மளிகையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. போன மாத பில்லை முழுவதும் கட்டியவருக்குத்தான் 45 நாள், 50 நாள் என்ற வட்டியில்லாச் சலுகை. பாக்கி வைத்தவருக்கு அது கிடையாது. நீங்கள் இன்று வாங்கும் அரிசிக்கும் இன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும், ஆண்டுக்கு 42 சதவீதத்தில். இது தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

முதல் வேலை, கார்டை பர்ஸிலிருந்து எடுத்து வீட்டில் வையுங்கள். ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டு எண்ணையும் நீக்குங்கள். அப்புறம் இந்த 60,000ஐ மலிவான கடனுக்கு மாற்றுங்கள். 14 சதவீதத்தில் பர்சனல் லோன் கிடைத்தால் மாதம் சுமார் 3,700 ரூபாய், 18 மாதத்தில் தீர்ந்துவிடும். இப்போது கட்டுவதைவிட 700 ரூபாய்தான் கூடுதல். வீட்டில் நகை இருந்தால் வங்கி நகைக்கடன் இன்னும் மலிவு. கார்டு வங்கியே 'இஎம்ஐயாக மாற்றித் தருகிறோம்' என்றால் வட்டி, பிராசசிங் கட்டணம் இரண்டையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிபன் கடை வைத்திருக்கிறேன். தண்டல்காரர் 10,000 எழுதிக்கொண்டு 9,000 தருகிறார். தினம் 100 ரூபாய், 100 நாள். நூற்றுக்குப் பத்து ரூபாய்தான் ஆகிறது. பேங்கில் 12 சதவீதம் கேட்கிறார்கள். தண்டல்தானே மலிவு? – விழுப்புரம்

பேங்க் சொல்லும் 12 ஒரு வருடத்துக்கு. தண்டல்காரர் எடுக்கும் 10 நூறே நாளுக்கு. அதோடு அந்த 9,000 நூறு நாளும் உங்களிடம் இருப்பதில்லை. மறுநாளே திருப்ப ஆரம்பித்துவிடுகிறீர்கள். பாதி நாள் ஆகும்போது பாதிப் பணம்தான் கையில். குறைந்துகொண்டே வரும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

சதவீதம் பிடிக்கவில்லை என்றால் ரூபாயில் பாருங்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வருடத்தில் மூன்றரைத் தடவைக்கு மேல் வரும். சுமார் 3,600 ரூபாய் போகிறது. சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் 4,700 ரூபாய் அளவுதான். அதே தொகைக்கு பேங்க் வட்டி 12 சதவீதத்தில் 560 ரூபாய் சொச்சம்.

தண்டல்காரரைத் திட்டி ஒரு பக்கம் எழுத எனக்கு மனமில்லை. அவர் கடைக்கே வருகிறார், காலை பத்து மணிக்குப் பணம் தருகிறார், ஜாமீன் கேட்பதில்லை. பேங்குக்குப் போனால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. ஆனால் ஒரு முறை அந்த அலைச்சலைப் பட்டுவிடுங்கள். கடை சாலையோரம் என்றால், தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் சுவநிதித் திட்டத்தில் முதல் கடன் 15,000 ரூபாய், அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, அப்புறம் 50,000. ஜாமீன் கிடையாது. தவணை தவறாதவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். நகராட்சி அலுவலகத்தில் வியாபாரி அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வாங்க வேண்டும்.

பைக் கடனிலும் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. '10 சதவீதம் ஃபிளாட், மூன்று வருடம்' என்றால், அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுகிறார்கள். உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம்.

மச்சினன் கடைக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை. பேங்க் எனக்கு நோட்டீஸ் அனுப்புகிறது. முதலில் அவரிடம்தானே வசூலிக்க வேண்டும்? – தேனி

அப்படிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பேங்க் நேராக உங்களிடமே வரலாம். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் இந்தக் கடன் ஏறியிருக்கும். நீங்கள் கட்டினால் அந்தத் தொகையை மச்சினனிடம் சட்டப்படி வசூலிக்க உரிமை இருக்கிறது. அதனால் பணமாகக் கட்டாமல் உங்கள் கணக்கிலிருந்து கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் பேசுவது உங்கள் பாடு.

ஐந்து பவுன் அடகில் இருக்கிறது. ஒரு வருடக் கெடு முடிகிறது. ஏல நோட்டீஸ் வந்துவிட்டது. வட்டி கட்டவே பணம் இல்லை. – மன்னார்குடி

நோட்டீஸைப் பார்த்துப் பயந்து கடைப்பக்கம் போகாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். நேரில் போய் இன்றைய தேதிக்கு அசல், வட்டி, அபராத வட்டி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். தங்கம் விலை ஏறியிருந்தால் உங்கள் நகையின் மதிப்பு கடனைவிட நன்றாகவே கூடியிருக்கும். ஒரு சங்கிலியோ இரண்டு வளையலோ மட்டும் விற்று மீதியை மீட்க முடியுமா பாருங்கள். அடகுச் சீட்டில் எல்லா நகையும் சேர்ந்தே இருக்கும் என்பதால் முதலில் மொத்தமும் மீட்க வேண்டியிருக்கும். உறவினர் யாராவது ஒரு நாளைக்குப் பணம் புரட்டித் தந்தால் காலையில் மீட்டு, மதியம் ஒன்றை விற்று, மாலையில் கொடுத்துவிடலாம். விற்பதற்கு முன் எந்தக் கடையில் என்ன விலை என்று விசாரித்து வையுங்கள். மீட்காமல் புதுக் கெடுவுக்கு மாற்றி வைப்பது என்றால் இதுவரையிலான வட்டியை முழுவதும் கட்டச் சொல்வார்கள்.

ஏலம் போயே தீரும் என்றாலும் விட்டுவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளின்படி ஏலத்தின் அடிப்படை விலை அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் யாரும் எடுக்காமல் போனால்தான் 85க்கு இறங்கலாம். கடன் போக மிச்சத்தை உங்களுக்குத் தந்தாக வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

கணவர் தவறி மூன்று மாதம் ஆகிறது. அவர் கார்டில் 1.4 லட்சம், பர்சனல் லோனில் 3 லட்சம் பாக்கி. நான் பள்ளி ஆசிரியை. என் சம்பளத்திலிருந்து கட்டச் சொல்லி தினமும் போனில் மிரட்டுகிறார்கள். – திருச்சி

அம்மா, உங்கள் சம்பளத்தை அவர்களால் தொட முடியாது. அந்தக் கடனில் நீங்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தால்தான் நிலைமை வேறு. நீங்கள் அனுப்பிய இரண்டு விண்ணப்ப நகலிலும் அவர் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. அவர் விட்டுப்போன சொத்திலிருந்து, அதாவது அவர் பெயரில் உள்ள டெபாசிட், வண்டி, வீட்டில் அவர் பங்கு, இவற்றின் மதிப்பு வரைக்கும்தான் கடன்காரர் கேட்கலாம். அதைத் தாண்டி வாரிசுகள் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

அவசரப்பட்டு எதுவும் செய்யாதீர்கள். 'அடையாளத்துக்கு ஐயாயிரம் போடுங்கள்', 'பொறுப்பேற்கிறேன் என்று ஒரு கடிதம் கொடுங்கள்' என்பார்கள். இரண்டும் வேண்டாம். இறப்புச் சான்றிதழ் நகலோடு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, இனி எழுத்தில் மட்டும் பேசச் சொல்லுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது, குடும்பத்தாரை மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. வங்கி 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். தொலைபேசி எண் 14448.

அந்த பர்சனல் லோன் கொடுத்த நாளில், அனுமதித்த தொகையை விடக் குறைவாகக் கணக்கில் வரவாகியிருந்தால், பிடித்த தொகையில் இன்சூரன்ஸ் பிரீமியம் இருக்கலாம். கடனை அனுமதித்த சாங்ஷன் கடிதத்தைத் தேடிப் பாருங்கள். இருந்தால், பாலிசி விதிகளைப் பொறுத்து கடன் அதிலேயே அடையலாம். அவருடைய ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம் 1874இன் கீழ் உங்கள் பெயருக்கு எடுக்கப்பட்டிருந்தால் அதையும் கடன்காரர்கள் கேட்க முடியாது.

மகன் போன் ஆப்பில் 5,000 கடன் கேட்டான். 3,200தான் வந்தது. ஏழாம் நாளே 5,000 கேட்டு, போட்டோவை மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். கட்டிவிடலாமா? – ஆவடி

கட்டினால் நிற்காது. வேறு பெயரில் இன்னொரு ஆப்பிலிருந்து கேட்பார்கள். முறையான டிஜிட்டல் கடனில் மொத்தச் செலவும் முன்கூட்டியே ஒரு தாளில் வர வேண்டும். காண்டாக்ட், கேலரி ஆகியவற்றை ஆப் தொடவே கூடாது. இது அந்த வகையே இல்லை. மெசேஜ், போன் எண்கள், பணம் வந்த கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ஆப்பை நீக்கிவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். சொந்தக்காரர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு 'போலி படம் வரும், திறக்காதீர்கள்' என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அப்புறம் அவர்கள் கையில் மிரட்ட ஒன்றுமில்லை. பையனை இப்போது திட்ட வேண்டாம். பயந்து அடுத்த ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்கப் பார்ப்பான்.

பழைய கடனை செட்டில்மென்டில் முடித்தேன். சிபிலில் 'செட்டில்டு' என்று வருகிறது. 8,000 கொடுத்தால் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். – சேலம்

கொடுக்காதீர்கள். உண்மையான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தள்ளுபடி செய்த மீதியை வங்கியில் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கி, 'குளோஸ்டு' என மாற்றச் சொல்லலாம். பதிவே தவறு என்றால் திருத்தக் கட்டணம் இல்லை. 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் வங்கியோ சிபில் நிறுவனமோதான் உங்களுக்குத் தர வேண்டும்.

வீட்டுக்கடன் 25 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம். போன வருடம்தான் எடுத்தேன். போனஸ் ஒரு லட்சம் வந்திருக்கிறது. எஃப்டியா, கடனா? – ஓசூர்

கடன். தொடக்கத்திலேயே ஒரு லட்சம் கட்டினால் ஏறக்குறைய 23 தவணை குறையும். மாறும் வட்டிக் கடன் என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. 'இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்' என்று எழுதிக் கொடுங்கள். ஆனால் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இல்லையென்றால் முதலில் அதற்கு ஒதுக்குங்கள்.

தம்பிக்கு 2 லட்சம் கொடுத்தேன். புரோநோட்டு இருக்கிறது. அடுத்த மாதம் மூன்று வருடம் ஆகிறது. கேட்டால் உறவு கெடும் என்கிறாள் மனைவி. – காரைக்குடி

பணத்தைக் கேட்க வேண்டாம், கையெழுத்தைக் கேளுங்கள். புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் ஆயுள். அதற்குள் தம்பி ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, நோட்டின் பின்பக்கம் தன் கையாலேயே வரவு எழுதி, தேதியோடு கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து இன்னொரு மூன்று வருடம். ஜிபேயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பியிருக்காதீர்கள். தேதி தாண்டிய பிறகு தம்பியாகவே 'தருகிறேன்' என்று புதிதாக எழுதிக் கொடுத்தால் அது செல்லும். அவர் மறுத்துவிட்டால் நோட்டைக் கொண்டு கோர்ட்டில் வாங்க முடியாது.