ரன் என்றால் ஓடுவது மட்டுமா?

கேள்வி: நிலாவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். உயர்தரம் வரை தமிழில்தான் படித்தேன். வெள்ளைக்கார விருந்தினர்கள் கதைக்கத் தொடங்கினால் ‘ரன்’ எப்படியாவது வந்துவிடும். ஒரு அம்மா தொலைபேசியில் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் டவல்ஸ்’ என்றார். யாரோ அறையை விட்டு ஓடிவிட்டார்கள் என்று பதறிப்போய் ஆள் அனுப்பினேன். முகாமையாளர் எல்லார் முன்னாலும் ஏசினார். அகராதியில் பக்கம் பக்கமாகப் பொருள் கிடக்கிறது. எப்படிப் பாடமாக்குவது?
– வாசகி, நிலாவெளி

பதில்: பாடமாக்க வேண்டாம் தங்கச்சி. முடியவும் முடியாது. ஒக்ஸ்ஃபோர்ட் பேரகராதிக்காக இந்த ஒரு சொல்லை ஆராய்ந்த பீட்டர் கிலிவர் ஒன்பது மாதம் அதோடேயே இருந்தார். வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தேறியது. 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான் இருந்தது. ரன் அதையும் தாண்டிவிட்டது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களாலும் இவ்வளவையும் அடுக்கிச் சொல்ல ஏலாது. ஆகவே உங்களை நாலு பேர் முன்னால் ஏசியது அநியாயம். இதை அவரிடம் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ‘ரன் என்றால் ஓடு’ என்று கொப்பியில் எழுதியிருப்பீர்கள். அது பிழையில்லை. ஆனால் எங்கள் ‘ஓடு’ என்னென்ன வேலை செய்கிறது என்று அந்த வகுப்பில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூதூருக்கு பஸ் ஓடுது. மணிக்கூடு ஓடேல்லை. கிணற்று மோட்டர் இரவிரவாக ஓடுது. படம் நூறு நாள் ஓடினது. மகாவலி ஓடிவந்து கொட்டியாரக் குடாவில் கடலோடு சேருது. இவை எதற்கும் கால் கிடையாது! பஸ், மணிக்கூடு, மோட்டர், படம், ஆறு, இவ்வளவுக்கும் ஆங்கிலத்திலும் ரன்தான். பாதிப் பொருள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புறாத்தீவுக்குப் போக நிற்பவர் ‘இஸ் த போட் ரன்னிங் டுமோரோ’ என்றால், நாளைக்குப் படகு ஓடுமா என்று கேட்கிறார். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கிற நாளென்றால் ‘நோ, நொட் ரன்னிங்’ என்று தயங்காமல் சொல்லலாம். ஒன்றில் மட்டும் கவனம்: நாங்கள் வான் ஓடுவோம், கார் ஓடுவோம், அதற்கு அங்கே ‘டிரைவ்’.

மற்றப் பாதிக்கு, ரன்னை விட்டுவிட்டு அதன் பின்னால் வருவதைப் பிடியுங்கள். ‘ரன் அவுட் ஒஃப்’ என்றால் முடிந்துபோச்சு: துவாய், சவர்க்காரம், தண்ணீர், சிலவேளை பொறுமையும். கிரிக்கெட்டில் வரும் ரன் அவுட் வேறு. இதில் ‘ஒஃப்’ ஒட்டியிருக்கும். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் ஒருவரைக் காண்பது. கோணேசர் கோயிலடியில் தங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டதை அப்படித்தான் சொல்வார்கள். வாகனத்தைப் பற்றிய கதையென்றால் அதுவே போய் மோதியது. ‘ரன் ஓவர்’ என்று பதற்றமான குரலில் கேட்டால் உடனே எழும்புங்கள், வாகனம் ஆளின் மேல் ஏறியிருக்கலாம். ‘ரன்னிங் லேட்’ என்றால் சுணங்குது. கொழும்பு ரயிலைப் பற்றி உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். ‘ரன் மீ த்ரூ த பில்’ என்றால் பில்லில் உள்ளதை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்கிறார். ‘கேன் சம்வன் ரன் அஸ் டு த ஸ்டேஷன்’ என்றால் வாகனத்தில் கொண்டுபோய் விடச் சொல்கிறார். ‘ஹூ ரன்ஸ் திஸ் பிளேஸ்’ என்றால் இந்த விடுதியை யார் நடத்துவது என்று விசாரிக்கிறார்.

உடம்பைப் பற்றிய இரண்டையும் கட்டாயம் தெரிந்துவைத்திருங்கள். ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’ என்றால் காய்ச்சல் காய்கிறது. ‘த ரன்ஸ்’ என்றால் வயிற்றோட்டம். அங்கேயும் ஓட்டம்தான், மறக்காது. வெட்கத்தில் மெதுவாகச் சொல்வார்கள். திருப்பிச் சத்தமாகக் கேட்காமல், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூளும் போத்தல் தண்ணீரும் அனுப்பிவிட்டு, டொக்டர் வேண்டுமா என்று கேளுங்கள்.

ஒரு சின்னக் கொப்பியை மேசையடியில் வையுங்கள். சொல்லை மட்டும் எழுதாமல், கேட்ட முழு வசனத்தையும் எழுதி, பக்கத்தில் அந்த விருந்தினருக்கு உண்மையில் என்ன தேவைப்பட்டது என்று தமிழில் குறியுங்கள். வேலையிடத்தில் வரும் ரன்கள் சிலவே, அவைதான் திரும்பத் திரும்ப வரும். இறந்தகாலத்தில் அது ‘ரான்’ ஆகும்; ‘ஹாவ்’ சேர்ந்தால் மறுபடி ரன். விளங்காவிட்டால் ‘சொரி, டூ யூ மீன்...’ என்று தொடங்கி, நீங்கள் விளங்கிக்கொண்டதைச் சொல்லிக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. நல்ல வரவேற்பாளர்கள் எல்லா மொழியிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அறைகளைத் துப்புரவாக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். உடுப்புத் தோய்க்கக் கொடுக்கும்போது ‘வில் த கலர் ரன்’ என்று, சாயம் கரையுமா என்ற கேள்வி முதலில் வருவது அவர்களிடம்தான்.