முதுமையையும், தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்ப்பதையும் நேர்மையாகக் காட்டிய படம் எது?

என் பதில் 'வைல்ட் ஸ்ட்ராபெரிஸ்'. இங்மார் பெர்க்மன் 1957-ல் எடுத்த ஸ்வீடன் படம்.

வயதானவர்களைப் பற்றிய நம் படங்களில் பெரும்பாலும் பெற்றவர்கள் பாவம், பிள்ளைகள் கல்நெஞ்சக்காரர்கள். பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' போல யாரையும் வில்லனாக்காத படங்கள் அபூர்வம். பார்த்து அழுகிறோம், சரி. ஆனால் அந்தப் பெரியவர் தன் காலத்தில் மற்றவர்களை எப்படி நடத்தினார் என்று யாரும் கேட்பதில்லை. பெர்க்மன் கேட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

ஐசக் போர்க் 78 வயது டாக்டர். தன் ஐம்பதாண்டுப் பணிக்கான கௌரவத்தைப் பெற ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்ட் நகருக்குக் காரில் போகிறார், கூடவே மருமகள் மரியான். மகன் வாங்கிய கடனைக் கறாராகத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கும் மனுஷன் அவர். பணத்துக்குக் குறைவே இல்லை, ஆனாலும் பேசினால் பேசியதுதான் என்பார். "உங்கள் மகனுக்கு உங்கள்மேல் மரியாதை உண்டு, வெறுப்பும் உண்டு" என்று மரியான் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறாள்.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க்காரர், பழைய உதவியை நினைத்துக் காசே வாங்க மறுக்கிறார். ஊருக்கு நல்லவர், வீட்டுக்கு அந்நியர். இப்படிப்பட்டவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் படம் எனக்கு அந்நிய நாட்டுப் படமாகவே தெரியவில்லை.

அப்புறம் வழியில் போர்க் காணும் அந்தக் கனவு. பரீட்சை ஹாலில் உட்கார வைக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தால் அவருடைய கண்தான் தெரிகிறது. கரும்பலகையில் இருப்பதைப் படிக்க முடியவில்லை. மருத்துவரின் முதல் கடமை மன்னிப்புக் கேட்பது என்று எழுதியிருப்பதாகப் பரீட்சை வைப்பவர் சொல்கிறார். இறந்துபோன மனைவியும் அவர்மேல் குற்றம் சுமத்தியிருக்கிறாள்: சுயநலம், இரக்கமின்மை. தண்டனை, வழக்கம்போலத் தனிமை. அந்த "வழக்கம்போல" என்னை ரொம்ப நேரம் விடவில்லை.

போர்க்காக நடித்த விக்டர் ஷோஸ்ட்ரோம், மௌனப்படக் காலத்தின் பெரிய இயக்குநர். அவருக்கும் நிஜமாகவே எழுபத்தெட்டுப் பக்கம் வயது. மேக்கப் தர முடியாத களைப்பு அந்த முகத்தில் இருக்கிறது. இளைஞர்களுக்கு நரைமுடி ஒட்டி எடுக்கும் படங்களில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான்.

முடிவில் அவர் ஒரேயடியாகத் திருந்திவிடுவதில்லை. பல காலமாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆக்டா அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிறார். இனி இந்தச் சம்பிரதாய மரியாதையெல்லாம் வேண்டாமே என்கிறார். அந்த அம்மாள் மறுத்துவிடுகிறார். மகனிடம் போர்க் கடன் பேச்சை எடுக்கிறார், விட்டுக்கொடுக்கத்தான். அவனோ, "கவலைப்படாதீர்கள், பணம் வந்துவிடும்" என்கிறான். இத்தனை வருஷம் அவனுக்குப் பழகியது அந்த அப்பாவைத்தானே.