சிசிடிவியில் வந்தது செந்நாயா, ஓநாயா? கேள்வி பதில்

காங்கேயத்துக்குத் தெற்கே, கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை) மனை பிரித்து விற்ற ஒரு புதுக் குடியிருப்பு. 40 வீடு இருக்கும். போன வாரம் அதிகாலை 4.45 மணிக்கு ஒரு வீட்டு சிசிடிவியில் 16 விநாடிக் காட்சி பதிவானது. ஒட்டிய வயிறு, நீளமான கால், எலிவால் மாதிரி ஒரு வால், முதுகில் பாதி இடத்தில் முடியே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று மோப்பம் பிடித்துவிட்டு, தெருவைக் கடந்து கிளுவை வேலிக்குள் புகுந்து போய்விட்டது. விடிவதற்குள் அது செந்நாய் ஆனது, பத்து மணிக்கு ஓநாய் ஆனது, சாயங்காலத்துக்குள் சிறுத்தைக்குட்டியும் ஆகிவிட்டது. இருபது வருடமாகத் தடம் பார்த்துத் திரிகிறவன் என்று என்னிடம் அனுப்பினார்கள். கூடவே கேள்விகளும் வந்து குவிந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு மீதிக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. அது என்ன? (அந்த வீட்டுக்காரர்)

நரி. சொறி பிடித்த நரி.

மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்து டேப் வைத்து அளந்தேனே, அது இதற்காகத்தான். கேட்டின் கீழ்க்குறுக்குக் கம்பி தரையிலிருந்து 45 செ.மீ. காட்சியில் அதன் தோள் அந்தக் கம்பிக்குச் சரியாக வருகிறது. ஓநாய் என்றால் தோள் கம்பியைத் தாண்டி ஒரு சாணாவது மேலே நிற்கும். ராத்திரி கேமராவில் நிறத்தை நம்பவே கூடாது, எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். உயரத்தை நம்பலாம். பக்கத்தில் அளக்கக்கூடிய பொருள் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் வால். முடி கொட்டினாலும் நுனியில் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருக்கிறது, நிறுத்திப் பாருங்கள். குதிகால் மூட்டு வரைக்கும்தான் தொங்குகிறது. உடம்பு நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, நரிக்கான கணக்கு அதுதான்.

சொறியை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி. தோலுக்குள் குடைந்து போய் முட்டையிடும். அரிப்பு தாங்காமல் சொறிந்து சொறிந்து முடி போகும், தோல் தடித்துச் சாம்பல் பூத்துவிடும். முடி போனால் கால் நீளமாகத் தெரியும், காது பெரிதாகத் தெரியும், வால் கயிறாகிவிடும். பார்த்துப் பழகிய விலங்கே வேறொன்றாகிவிடும். உலகத்தில் "அடையாளம் தெரியாத விசித்திர மிருகம்" என்று சுற்றும் படங்களில் நிறைய இந்தச் சொறி கேஸ்தான். உடம்பு பலம் குறைந்து ஓடிப் பிடித்துத் தின்ன முடியாததால்தான் வீட்டுப் பக்கம், கோழிக்கழிவுப் பக்கம் வருகிறது. அது தைரியத்தில் வரவில்லை.

செந்நாய் இல்லைன்னு அவ்வளவு உறுதியா எப்படிங்க சொல்றீங்க? (தாராபுரம்)

செந்நாய் தனியாகத் தெருவில் வந்து நிற்பது அபூர்வம். அது கூட்டத்து விலங்கு. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், முண்டந்துறை என்று மலைக்காடுகளில், பட்டப்பகலில், புள்ளிமானையும் கடமானையும் துரத்திக்கொண்டு போகும். ஊளையிடாது, சீழ்க்கை அடித்து ஒன்றையொன்று கூப்பிடும். நிறம் செம்மண், வால் மட்டும் கறுத்துப் புசுபுசுவென்று இருக்கும், காதுநுனி வட்டம். கீழ்த்தாடையில் பக்கத்துக்கு இரண்டே கடைவாய்ப்பல். நாய்க்கும் நரிக்கும் மூன்று. அதை எண்ணிப் பார்க்கிற தூரத்துக்கு யாரும் போக வேண்டாம்.

எங்க பாட்டி பார்த்துட்டு "குள்ளநரிடா"ன்னு சொன்னாங்க. நரியும் குள்ளநரியும் ஒண்ணுதானே அண்ணா? (கல்லூரி மாணவர், ஈரோடு)

தம்பி, இந்த ஒரு கேள்விக்காகவே மற்றதை எல்லாம் எழுதலாம்.

இரண்டும் வேறு வேறு. நரி என்பது நம் ஊளையிடும் நரி. 7 முதல் 11 கிலோ வரை, முதுகில் கறுப்பு கலந்த மஞ்சள் பழுப்பு. நாய், ஓநாய்க்கு நெருங்கிய சொந்தம். குள்ளநரி வேறு இனம். 2 முதல் 4 கிலோதான், பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. மூஞ்சி கூர்மை, காது பெரிது, வால் உடம்பில் பாதிக்கு மேல் நீளம், நுனி கறுப்பு. திறந்த வெளியில், புல்தரையில், பல வாசல் வைத்து வளை தோண்டும். எலி, ஈசல், நண்டு, இலந்தைப்பழம் என்று கிடைத்ததைத் தின்னும். ஆட்டைத் தொடுகிற அளவு அதற்கு உடம்பே கிடையாது. இந்த சிசிடிவி விலங்கு குள்ளநரி என்றால் அந்த கேட்டுக் கம்பிக்கு அடியில் நிமிர்ந்தே நடந்து போயிருக்கும்.

குழப்பம் பாட்டியால் வந்ததில்லை, பள்ளிப் புத்தகத்தால் வந்தது. திராட்சைக்குத் தாவுகிற நரியை ஆரஞ்சு நிறத்தில், வெள்ளை வால்நுனியோடு வரைகிறார்கள். அது ஐரோப்பாவின் செந்நரி. நம் சமவெளியில் அது கிடையாது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உண்மையான நரியைக் காட்டினால் "இது நாய் மாதிரி இருக்கே" என்கிறது. மாணிக்கவாசகருக்காகப் பரியான நரிகள் ராத்திரியில் திரும்ப நரியாகி ஊளையிட்டு மதுரையைக் கலக்கினதாகக் கதை. அந்த ஊளை நரிதான் நம் நரி.

சேலம் வாழப்பாடிப் பக்கம் குள்ளநரிக்கு வங்காநரி என்று பேர். வங்கு என்றால் வளை, அதிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். அங்கே பொங்கலை ஒட்டி வலை போட்டு வங்காநரியைப் பிடித்து, ஊரில் ஓடவிட்டு, பிறகு காட்டில் விடுகிற வழக்கம் உண்டு. நரி முகத்தில் முழித்தால் நல்லது என்ற நம்பிக்கை. வனத்துறை தடுத்து அபராதம் போடுகிறது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்த ஊர்ச் சின்னப் பையனுக்கும் நரி வேறு, வங்காநரி வேறு என்று தெரியும். நம் மனைவாசிகளுக்கு அது தெரியவில்லை.

2024-ல உத்தரப்பிரதேசத்துல ஓநாய் குழந்தைகளைத் தூக்கிட்டுப் போச்சே. இங்கயும் அப்படி நடக்காதா? ராத்திரி தூக்கமே வரல. (இரண்டு குழந்தைகளின் தாய்)

அம்மா, பஹ்ராயிச் மாவட்டத்தில் நடந்தது உண்மை, கொடுமை. அதனால் உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தெருவில் வந்தது அந்த விலங்கு இல்லை. இந்திய ஓநாய் 17 முதல் 25 கிலோ, கால் உயரம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது மிக மிக அரிது. கர்நாடகத்தில் மேலுக்கோட்டையில் ஓநாய்க்காகவே 1974-இல் சரணாலயம் அமைத்தார்கள், அந்த மாதிரி வறண்ட திறந்தவெளி அதன் இடம்.

நரிக்குக் குழந்தை இரை இல்லை. இருந்தாலும் நோயாளி விலங்கு சுற்றுகிற வரை, இருட்டில் சின்னப் பிள்ளைகளைத் தனியாக வெளியே விடாதீர்கள். இது நரிக்காக மட்டும் சொல்லவில்லை, தெருநாய்க்காகவும்தான்.

போன மாசம் பட்டிக்குள்ள புகுந்து 7 ஆடு காலி. இந்த மிருகம்தான் அடிச்சிருக்கும்னு ஊரே சொல்லுது. (வெள்ளகோவில், ஆடு வளர்ப்பவர்)

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. ஆனால் அண்ணா, ஏழு ஆட்டில் தொடை, காது, பின்பக்கம் என்று கண்ட இடத்தில் கடி. தின்றது ஒரு ஆட்டில் கொஞ்சம்தான். பசிக்கு வேட்டையாடுகிற விலங்கு பெரும்பாலும் ஒன்றைக் கொல்லும், தின்னும், மிச்சத்தை இழுத்துக்கொண்டு போகும். பட்டிக்குள் புகுந்து ஓடுகிறதை எல்லாம் கடித்துப் போடுவது பெரும்பாலும் நாய்க்கூட்டத்தின் வேலை. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் இப்படி ஆடு செத்து விவசாயிகள் நஷ்டஈடு கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினதை நீங்களே பார்த்தவர். தனி நரி குட்டியைத் தூக்கும், கோழியைத் தூக்கும், அதை நான் மறைக்கவில்லை. சொறி பிடித்த ஒற்றை நரியால் ஏழு பெரிய ஆட்டை அடிக்க முடியாது.

அடுத்த முறை நடந்தால் (நடக்கக் கூடாது) ஆட்டை அப்புறப்படுத்தும் முன் படம் எடுங்கள், கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று வாங்குங்கள். பழி நரி மேல் போனால், நாய்க்காகக் கேட்க வேண்டிய நஷ்டஈடும் கையைவிட்டுப் போகும்.

தடத்தை வச்சு நாயா நரியான்னு சொல்ல முடியுமா?

முடியும், மண் ஈரமாக இருந்தால். நாய், நரி இரண்டிலும் நாலு விரல், நகம் பதியும். பூனை, சிறுத்தை நடக்கையில் நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் பதியாது. சிறுத்தைக்குட்டி வதந்திக்கு அதுவே பதில். நரியின் நடு இரண்டு விரல் மெத்தைகளும் அடியில் ஒட்டியிருக்கும், நல்ல தடத்தில் தெளிவாகத் தெரியும். நாய்க்கு அப்படி இல்லை. நடையும் காட்டிக்கொடுக்கும். சோறு போட ஆள் இருக்கிற நாய் அங்கே இங்கே வளைந்து, நின்று, சுற்றி வரும். நரி கோடு போட்ட மாதிரி போகும். உங்கள் வேலி ஓரம் நான் பார்த்தது கோடு. பக்கத்தில் எச்சம், அதில் இலந்தைக் கொட்டையும் எலிமுடியும்.

ராத்திரி குழந்தை அழற மாதிரி சத்தம் வருது. அதுவா?

ஒன்று தொடங்கி மற்றவை சேர்ந்து இழுத்து ஊளையிட்டால் நரி. பொழுது சாய்ந்ததும், விடியற்காலையும். தனிக் குழந்தை அழுகை என்றால் பெரும்பாலும் பூனைச் சண்டை.

கழுதைப்புலியா இருக்குமோ?

இல்லை. அதற்கு முன்பக்கம் உயரம், பின்பக்கம் சரிவு, உடம்பில் வரி, பிடரி மயிர். மாயாறு பக்கம் போனால் பார்க்கலாம்.

எங்க நாய் அதோட சண்டை போட்டு மூக்குல காயம். என்ன பண்றது? (அதே குடியிருப்பு)

இதுதான் இன்றைய கேள்விகளில் அவசரமானது. காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு சோப்பால் கழுவி, இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஏற்கெனவே வெறிநோய் ஊசி போட்ட நாயா என்று கேட்பார், அட்டையை எடுத்துப் போங்கள். சொறியும் நாய்க்குத் தொற்றும், அதையும் சொல்லுங்கள்.

மனிதரைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் வேண்டாம். நேராக ஆரம்ப சுகாதார நிலையம். தடுப்பூசியோடு காயத்தில் போடுகிற இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், கேளுங்கள். "கடித்த விலங்கைப் பத்து நாள் கவனித்துப் பார்க்கலாம்" என்ற கணக்கு வீட்டு நாய்க்கும் பூனைக்கும்தான். காட்டு விலங்குக்கு அது செல்லாது. வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை.

எதுக்கு இவ்வளவு பேச்சு? கோழிக்கறில குருணை மருந்து கலந்து வச்சா ஒரே ராத்திரில முடிஞ்சது. (பெயர் வேண்டாம் என்றவர்)

வையுங்கள், முதலில் சாவது உங்கள் பக்கத்து வீட்டு நாய். அப்புறம் காகம், பருந்து, கீரி. 2022 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு நரி வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 வருடம் சிறை. கறிக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காய்க்கும் இதே கதைதான். நம் பக்கம் நரியை அரிதாக்கியதில் இந்த விஷத்துக்கும் வெடிக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இன்று ஒன்று வந்தால் ஊரே கூடிப் பேர் தேடுகிறது.

நரி இல்லாததாலதான் மயில் பெருகிடுச்சுன்னு விவசாயிங்க சொல்றாங்களே, நிஜமா?

மயில் தரையில் முட்டையிடும், நரி முட்டையைத் தின்னும். எனவே பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் மயிலைப் பெரிதாக யாரும் வேட்டையாடுவதில்லை, தோட்டத்தில் தீனியும் தண்ணீரும் வருடம் முழுக்க இருக்கிறது. நரியை மட்டும் காரணமாக்க மாட்டேன்.

அதுக்குக் கொம்பு இருக்கான்னு பார்த்தீங்களா? ஒருத்தர் நரிக்கொம்பு கேட்கிறார்.

நரிக்குக் கொம்பு கிடையாது. விற்பது தோலையும் முடியையும் ஒட்டித் தைத்த போலி. கேட்பவரிடம் இருந்தும் விற்பவரிடம் இருந்தும் தள்ளி நில்லுங்கள், வழக்கு இருவர் மேலும் வரும்.

மாமா, அந்த நரிக்கு மருந்து போட்டா சரியாகுமா? நான் பிஸ்கட்டில் வச்சுத் தரட்டுமா? (ஆறாம் வகுப்பு)

சரியாகும் கண்ணு, மருந்து இருக்கிறது. ஆனால் பிஸ்கட்டில் வைத்தால் யார் தின்றார்கள், எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிடித்து, எடை பார்த்து, மருத்துவர் போட வேண்டிய மருந்து. நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கோழிக்கழிவை வேலி ஓரம் கொட்டுகிற அந்த மாமாவிடம் நிறுத்தச் சொல். நான் சொன்னால் கோபிக்கிறார், நீ சொன்னால் கோபிக்க மாட்டார்.

கடைசியா, இப்ப என்ன நிலைமை? (எல்லாரும்)

வனச்சரக அலுவலகத்தில் தகவல் கொடுத்து, கூண்டு வைத்தாயிற்று. முதல் ராத்திரி கீரி மாட்டியது. இரண்டாம் ராத்திரி மாட்டியது முதல் கேள்வி கேட்டவரின் வீட்டு நாய். காலையில் அவிழ்த்துவிட்டபோது கூண்டில் வைத்த கோழித்தலை முழுதும் தீர்ந்திருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் அவர் நாயைக் கட்டிப்போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.