ஆடியோ ரேக்குக்குக் கொடுத்த 34,000 ராண்ட் திரும்புமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். அப்பா விட்டுப்போன டர்ன்டேபிளையும் (இசைத்தட்டுக் கருவி), நான் வாங்கிய ஆம்ப்ளிஃபயரையும், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரையும் பழைய மர அலமாரியில் வைத்திருந்தேன். கடைக்காரர் பேச்சை நம்பி 34,000 ராண்டுக்கு ஆடியோ ரேக் (அதிர்வு ஏறாமல் கருவிகளை வைக்கும் தாங்கி) வாங்கி நான்கு மாதம் ஆகிறது. பாட்டு கொஞ்சமும் மாறவில்லை. சில நாள் முன்னைவிட மோசமாகக்கூடக் கேட்கிறது. நடக்கும்போது ஊசி குதிப்பது மட்டும் நின்றிருக்கிறது. திருப்பித் தரப் போனபோது, உங்கள் காதுக்குப் பழக்கம் போதாது என்று பலர் முன்னால் அவமானப்படுத்தினார். வாங்குவதற்கு முன், ஸ்ட்ரீமருக்கு இது உதவுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தேன். "இசைக்கு உயிர் வரும், ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபயர் இரண்டிலும் இரைச்சல் பாதியாகக் குறையும், அளந்து பார்த்திருக்கிறோம்" என்று பதில் வந்தது. ரேக் வியாபாரமே மோசடி என்று நிரூபித்து, பணத்தோடு நஷ்டஈடும் வாங்க முடியுமா?

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற வழக்கு அல்ல. "இரைச்சல் பாதியாகக் குறையும், அளந்து பார்த்திருக்கிறோம்" என்ற அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் சரக்கு. கடையில் பட்ட அவமானத்துக்கு ஒரு சென்ட்டும் கிடைக்காது. விலை அநியாயம் என்பதும் உதவாது.

"இசைக்கு உயிர் வரும்" என்பது விற்பவர் தன் பொருளைப் புகழ்வது. அதை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஃபேம் எதிர் பைசஸ் வழக்கில் 1973-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கோட்டைப் போட்டது. கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னதா, உண்மை நிலவரமாகச் சொன்னதா, வெறும் அபிப்பிராயமா என்றெல்லாம் பார்த்துத்தான், அது புகழ்ச்சியா வாக்குறுதியா என்று முடிவு செய்வார்கள். நீங்கள் கேட்டீர்கள், அவர் எழுத்தில் பதில் சொன்னார், அளந்ததாகவும் சொன்னார். இது வாக்குறுதியின் பக்கம் நிற்கிறது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணைக்கு வருகிறது. முக்கியமான விஷயத்தில் பொய்யையும் மிகைப்படுத்தலையும் 41-ஆம் பிரிவு தடுக்கிறது. எதற்காக வாங்குகிறேன் என்று நீங்கள் சொல்லி, அந்தப் பொருளில் விவரம் தெரிந்தவர் விற்றால், அது அந்தக் காரியத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது 55(3).

இனி நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இதுபோன்ற வழக்குகளில் கட்சிக்காரர்கள் தோற்பது சட்டம் இல்லாததால் அல்ல. நீதிமன்றத்தை ஒலி ஆராய்ச்சிக்கூடமாக்கப் போய்த் தோற்கிறார்கள். "ரேக்கால் எந்த ஒலியும் மாறாது" என்று நீங்கள் மனுவில் எழுதினால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அது பொதுவான உண்மையும் அல்ல. டர்ன்டேபிளின் ஊசி அதிர்வைப் படிக்கும் கருவி. இசைத்தட்டின் பள்ளத்தில் வருவது எது, மரத்தரையில் கால் வைத்ததால் வருவது எது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. ஸ்பீக்கரின் அதிர்வே தட்டுக்குத் திரும்பி ஊளையிடுவதும் உண்டு. அங்கே நல்ல ஸ்டாண்டு உண்மையாகவே வேலை செய்யும். வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரிலும் வால்வைத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்பதுண்டு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் ஸ்ட்ரீமரும் வேறு சாதி: அறையின் அதிர்வு அவற்றின் சிக்னலில் ஏறுவதற்கு வழி மிகக் குறைவு.

இப்போது உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். ஊசி குதிப்பது நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரேக் மோசடி என்று சொன்ன மறுநிமிடம் கடைக்காரர் இதைத்தான் எடுத்து வைப்பார். இன்னொன்று: ஒலி மாறவே இல்லை என்கிறீர்கள், சில நாள் மோசமாகக் கேட்கிறது என்றும் சொல்கிறீர்கள். மோசமானால் மாறியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? இரண்டையும் சொல்பவரின் சாட்சியம் பத்து நிமிடம் தாங்காது. கடைக்காரருக்கு முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுக் காட்டுகிறேன் என்று சவால் விடவும் வேண்டாம். அதில் சோதிக்கப்படுவது உங்கள் காது. உங்கள் காது உங்கள் சாட்சி அல்ல. நிபுணரை அமர்த்தினால் அவர் கட்டணமே ரேக்கின் விலையை நெருங்கிவிடும்.

எனவே டர்ன்டேபிளை வழக்குக்குள் இழுக்காதீர்கள். ரேக் நல்லதா கெட்டதா என்று ஒரு வரிகூட வேண்டாம். "ஸ்ட்ரீமர், ஆம்ப்ளிஃபயர் இரைச்சலை அளந்ததாக எழுதினீர்கள், அந்த அளவைக் காட்டுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். சொன்னவர் அவர், தாளைக் கொண்டுவர வேண்டிய நெருக்கடியும் அவருக்கே. அந்தத் தாள் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

மேலும் இரண்டு விஷயம். அதே சட்டத்தின் 56(2)-இன் கீழ், 55-ஆம் பிரிவின்படி பொருந்தாத பொருளை, கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் கடைக்காரரின் செலவில் திருப்பித் தரலாம். நான்கு மாதம் போய்விட்டது. எழுத்தில் கேட்பதை இந்த வாரமே செய்யுங்கள். கேட்ட நாளிலிருந்து ரேக்கைப் பயன்படுத்தாதீர்கள். குறை தெரிந்த பிறகும் சொந்தப் பொருள்போல வைத்து ஆண்டால், திருப்பும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக வாதிடுவார்கள். பழைய அலமாரி போதும், ஊசி குதித்தால் குதிக்கட்டும். சுவரில் துளையிட்டுப் பொருத்துவது, வெட்டுவது, பெயின்ட் அடிப்பது கூடவே கூடாது. கடையைப் பற்றி ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ மோசடிக்காரன் என்று எழுதியிருந்தால் இன்றே நீக்குங்கள். அவதூறு வழக்கை, சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் எடுக்காது; அவர் பெரிய கோர்ட்டுக்குப் போவார், அங்கே நீங்கள் வக்கீலுக்குக் காசு கொடுத்தே தீர வேண்டும்.

முதலில், நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் ஓம்பட் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நேரே கோர்ட்டுக்குப் போனால், மற்ற வழிகளை முடித்துவிட்டு வரவில்லை என்று அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவைக் காட்டி இழுத்தடிப்பார்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் உச்சவரம்பு 20,000 ராண்ட்; அங்கே போவதென்றால் மீதி 14,000-ஐக் கைவிட்டுத்தான் போக முடியும். அங்கே தோற்றால் அப்பீலும் கிடையாது.

இதனால் வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் செய்துகொள்ளுங்கள். முழுத் தொகையைக் கேளுங்கள். 24,000-க்கு மேல் கொடுத்து ரேக்கை அவரே எடுத்துப்போவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அதில் சின்னத் தொகைக்கு டர்ன்டேபிளுக்கு மட்டும் சுவர்த் தட்டு ஒன்று வாங்கினால், தரையில் யார் நடந்தாலும் பெரும்பாலும் ஊசிக்குத் தெரியாது. ரேக்கை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும் கெட்ட பேரம் அல்ல. கடைக்குள் செலவழிக்கும் கிரெடிட் நோட்டை மட்டும் வாங்காதீர்கள். அதே கடைக்காரரிடம் இன்னொரு கேபிளோடு வெளியே வருவீர்கள். ஒப்பந்தத்தில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதச் சொல்வார். எழுதட்டும், ஆனால் பணம் வங்கியில் ஏறிய பிறகே அது செல்லும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.