பங்குக் கணக்கு: கேள்வி பதில்

100 பங்குகளைத் தலா 400 ரூபாய்க்கு வாங்கி, மூன்று ஆண்டு கழித்து 520-க்கு விற்றேன். ஆண்டுதோறும் பங்குக்கு 6 ரூபாய் ஈவுத்தொகையும் வந்தது. ஆண்டுக்கு 10 சதவீத லாபம் என்கிறான் மகன். சரியா?

விடை கிட்டத்தட்ட சரி, வழி தவறு. விலையில் 12,000, ஈவுத்தொகையில் 1,800, ஆக 40,000-க்கு 13,800 ரூபாய், அதாவது 34.5 சதவீதம். கூட்டு வட்டிபோல் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 10.4 சதவீதம். மகன் ஈவுத்தொகையை மறந்தார். விலை ஏற்றமான 30 சதவீதத்தை அப்படியே மூன்றால் வகுத்தார். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டன. தரகையும் பரிவர்த்தனை வரியையும் கழிக்க மறக்காதீர்கள்.

மாதாமாதம் வெவ்வேறு தொகை போட்டிருந்தால்?

தேதிகளையும் தொகைகளையும் எக்செலில் இட்டு, ஆண்டு வருமான விகிதத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR) சூத்திரத்தைப் போடுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

என்னிடம் 1 லட்சம் இருக்கிறது. தரகர் 15 சதவீத வட்டிக்கு இன்னொரு லட்சம் தருகிறார். 200 ரூபாய்ப் பங்கு ஓர் ஆண்டில் 18 சதவீதம் ஏறும் என்று நம்புகிறேன். லாபம்தானே?

ஏறினால் லாபம்தான். எவ்வளவு என்று பாருங்கள். 1,000 பங்குகளில் 36,000 கிடைக்கும், வட்டி 15,000 போகும், மிச்சம் 21,000. கடனே வாங்காமல் இருந்தால் 18,000. கூடுதலாக வருவது 3,000.

அதே பங்கு 18 சதவீதம் இறங்கினால் 36,000 நட்டத்தோடு வட்டி 15,000 சேர்ந்து, உங்கள் லட்சத்தில் 51,000 காலி. விலை அசையாமல் நின்றாலும் 15,000 போகும். 3,000 ரூபாய்க்காக இந்தத் தலைவலி எதற்கு என்பது என் கட்சி.

இறங்கினால் விற்காமல் காத்திருப்பேனே?

காத்திருக்கும் உரிமையைத்தான் அடகு வைத்திருக்கிறீர்கள். பங்குகள் தரகரிடம் அடமானத்தில் இருக்கின்றன. பங்குகளின் மதிப்பில் கடன் போக உங்களுக்கு மிஞ்சுவது 30 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று அவர் வைத்திருந்தால், விலை 143-ஐ நெருங்கும்போதே மார்ஜின் கால், அதாவது கூடுதல் பணம் கட்டச் சொல்லும் அழைப்பு, வரும். குறித்த நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் அவரே விற்றுவிடுவார். மறுவாரம் 190-க்கு ஏறினாலும் உங்களுக்குப் பயனில்லை.

2008 ஜனவரி 22 அன்று காலை, திறந்த சற்று நேரத்திலேயே சந்தை சரிந்து, வர்த்தகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. கடனில் வாங்கியிருந்த நண்பர் ஒருவர் அந்த ஒரு மணி நேரமும் என் எதிரே காசோலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வங்கிக் கணக்கில் பணம் இல்லை.