மலையேற்றத்துக்கு எந்தக் கியர்? ரோடு பைக் கேள்வி பதில்

பதில்களில் 34/28 என்று வந்தால் முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்று கொள்க. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால், பெடலை ஒரு முறை சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுழலும் என்பது கிடைக்கும். அந்த எண் குறையக் குறையச் சிறிய கியர் என்று கொள்க. கணக்குகளில் சக்கரத்தின் சுற்றளவை 2.1 மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): என் ரோடு பைக்கில் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு செயின்ரிங் (50/34), பின்னால் 11 முதல் 28 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு, அதாவது 11-28 கேசட். ஏற்காட்டை இறங்காமல் ஏறிவிட்டேன். ஆனால் மசினகுடியிலிருந்து உதகைக்குச் செல்லும் கல்லட்டிச் சாலையில் பாதியிலேயே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. போதாதது பயிற்சியா, கியரா?

பதில்: பயிற்சியைக் குறை சொல்லும் முன் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் எடை 70 கிலோ, தண்ணீர்ப் புட்டியோடு சைக்கிள் 10 கிலோ, நீண்ட நேரம் தளராமல் உங்களால் தர முடிந்த ஆற்றல் 180 வாட் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். 34/28 கியரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 67 சுற்று மிதிப்பீர்கள். அது வசதியான தாளம்தான். இதே 180 வாட்டோடு 10 சதவீத ஏற்றத்துக்கு வந்தால் வேகம் 7.5 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். அதே கியரில் மிதிப்பது 49 சுற்றுதான். கல்லட்டியில் சாய்வு பல இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறது. அங்கே ஒவ்வொரு மிதியும் படியேறுவதைப் போல ஆகி, மூச்சு மிச்சமிருக்கும்போதே தொடை கைவிட்டுவிடுகிறது.

34/34 இருந்திருந்தால் அதே இடத்தில், அதே வேகத்தில் 60 சுற்று மிதித்திருப்பீர்கள். மிதிக்கு வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். சிறிய கியர் உங்களை வேகமாக உச்சிக்குக் கொண்டு செல்லாது, ஆனால் கால்களை உச்சி வரை தாங்க வைக்கும். ஆகவே நீங்கள் ஏறப்போகும் சாலையின் சராசரிச் சாய்வை விட்டுவிட்டு, அதன் மிகச் செங்குத்தான ஒரு கிலோமீட்டரில் உங்கள் வேகம் என்னவாக இருக்கும் என்று பார்த்து, அந்த வேகத்தில் குறைந்தது 60 சுற்றாவது மிதிக்க இடம் தரும் கியரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (சென்னை): 11-34 போட்டால் பற்களுக்கு இடையே இடைவெளி கூடி, சமதளத்தில் தாளம் கெட்டுவிடும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள். வாரம் முழுவதும் கிழக்குக் கடற்கரைச் சாலை, எப்போதாவதுதான் மலை என்பவருக்கு அது நட்டம்தானே, ஐயா?

பதில்: இரண்டு கேசட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த அச்சம் பெரும்பகுதி கரைந்துவிடும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 11 வேக (11 பல்சக்கரங்கள் உள்ள) 11-28 கேசட்டில் உள்ளவை 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28. அதே நிறுவனத்தின் 11-34 கேசட்டில் 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. 15 முதல் 25 வரை இரண்டும் ஒன்றே. நீங்கள் இழப்பவை 12, 14 ஆகிய இரண்டு மட்டுமே. 50/15 கியரில் 90 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டரை நெருங்குகிறது. அதற்கு மேலே போகும்போதுதான் 14 இல்லாத குறை தெரியும். பந்தயக் குழுவில் 40 கிலோமீட்டரில் ஓடுபவர் கவலைப்படட்டும். 28 முதல் 33 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவர் இந்த இழப்பை உணரவே மாட்டார்.

கேள்வி (நாமக்கல்): கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 36 வளைவுகளே உள்ள கல்லட்டிக்கு 34/34 வேண்டுமென்றால், இதற்கு இன்னும் சிறிய கியர் அல்லவா வேண்டும்?

பதில்: வேண்டாம். சாய்வைக் குறைப்பதற்காகத்தான் சாலையை வளைத்து வளைத்துப் போடுகிறார்கள். வளைவுகளின் எண்ணிக்கையை வைத்துச் செங்குத்தை அளக்க முடியாது. கொல்லிமலையை 34/30 அல்லது 34/32 கொண்டு நிதானமாக ஏறலாம். வளைவுக்குள் மட்டும் கவனம் வேண்டும். கொண்டை ஊசியின் உள்விளிம்பு எப்போதும் வெளிவிளிம்பைவிடச் செங்குத்தானது. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் வலப்பக்க வளைவு எளிதாகவும் இடப்பக்க வளைவு கடினமாகவும் அமைகிறது. எனவே இடப்பக்க வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே, மிதியின் அழுத்தத்தை அரைச் சுற்று தளர்த்தி, கியரை இறக்கிவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு முழு எடையையும் மிதியில் ஏற்றியபடி மாற்றினால் செயின் முறுமுறுக்கும். சில வேளைகளில் பல்லிலிருந்து நழுவவும் செய்யும்.

கேள்வி (மதுரை): என்னிடம் இருப்பது ஷிமானோ 105, ஆர்7000 வகைக் கியர் தொகுதி. 11-34 கேசட்டை மட்டும் வாங்கி மாட்டினால் போதுமா?

பதில்: அது உங்கள் பின் டீரெயிலரின், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகத்தின், கூண்டு குட்டையா நீளமா என்பதைப் பொறுத்தது. குட்டைக் கூண்டு 30 பல் வரை எடுக்கும், நீளக் கூண்டு 34 வரை. டீரெயிலரின் உட்புறத்தில் எஸ்எஸ் அல்லது ஜிஎஸ் என்று பொறித்திருக்கும். ஜிஎஸ் என்பதே நீளக் கூண்டு. கேசட்டோடு புதிய செயினும் வாங்குங்கள். 28-க்கு அளந்து வெட்டிய செயின் 34-க்குப் போதாமல் போகக்கூடும். அதை அறியாமல் யாராவது முன்னால் பெரிய செயின்ரிங்கில் இருக்கும்போது பின்னாலும் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரைப் போட்டால் டீரெயிலரும் அதைத் தாங்கும் ஹேங்கரும் சேர்ந்து முறியும். இன்னொன்று, பல கடைகளில் மறந்துவிடுவது: இந்த 11-34 கேசட் 10 வேக ஹப்பின் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) அகலத்துக்குச் செய்யப்பட்டது. 11 வேக ஹப்பில் பூட்டும்போது உள்ளே 1.85 மி.மீ. வளையம் ஒன்றைப் போட வேண்டும். போடாவிட்டால் கேசட் எவ்வளவு முறுக்கினாலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேள்வி (திருச்சி): முன்னால் 50/39/30 என்று மூன்று செயின்ரிங் உள்ள பழைய சைக்கிள், பின்னால் 28. விற்றுவிட்டுப் புதியது வாங்கலாமா?

பதில்: மலைக்காக என்றால் தேவையில்லை. 30/28 என்பது 1.07, 34/32 என்பது 1.06. இரண்டும் ஒன்றுதான்.

கேள்வி (பெங்களூரு): நான் முன்னால் 52/36, பின்னால் 11-28 வைத்திருக்கிறேன். சிறிய கியருக்குப் போவது வலுவில்லாதவர்களின் வழி என்று மூத்த ஓட்டுநர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: இந்தக் கேலிக்கு வயது அதிகம். டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ்சுக்கும் இதே எண்ணம்தான். 1937 வரை அந்தப் பந்தயத்தில் டீரெயிலர் அனுமதிக்கப்படவில்லை. மலையடிவாரத்தில் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, அதன் மறுபக்கத்திலிருந்த பெரிய பல்சக்கரத்துக்கு மாறிக்கொண்டார்கள். இன்று தொழில்முறை வீரர்களுக்கான ஷிமானோ டியூரா-ஏஸின் 2021-ஆம் ஆண்டு 12 வேகப் பதிப்பிலேயே 11-34 கேசட் இருக்கிறது. அவர்கள் உங்களையும் என்னையும்விட இரண்டு மடங்கு வாட் தரக்கூடியவர்கள். நீங்கள் கிராங்கை (பெடல் தண்டும் செயின்ரிங்கும் சேர்ந்த தொகுதியை) மாற்றிச் செலவு செய்ய வேண்டாம். பின் டீரெயிலர் இடம் கொடுத்தால் 11-34 கேசட் போடுங்கள். 36/34 உங்களுக்கு 34/32-க்கு இணையாகிவிடும்.

கேள்வி (ஈரோடு): என் எடை 95 கிலோ. 34/34-உம் போதவில்லை. இதற்கு மேல் வழி உண்டா?

பதில்: உண்டு. முன் கணக்கையே 95 கிலோவுக்குப் போட்டால், 180 வாட்டில், 10 சதவீத ஏற்றத்தில், 34/34-இலும் ஏறத்தாழ 46 சுற்றுதான் வருகிறது; உங்கள் சிரமம் நியாயமானதே. ஒரு வழி, கிராவல் (மண், சரளைச் சாலைக்கான) சைக்கிள்களுக்குரிய 46/30 கிராங்க். ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வகையில் செயின்ரிங்குகள் ரோடு கிராங்கைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி இருப்பதால், முன் டீரெயிலரையும் அதே வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு வழி ஸ்ராம் நிறுவனத்தின் ஏஎக்ஸ்எஸ் கியர் தொகுதி: முன்னால் 46/33, பின்னால் 10-36. மிகச் சிறிய கியர் 0.92-க்கு இறங்குகிறது, மிகப் பெரியதும் 50/11-க்குக் குறைவதில்லை. ஆனால் ஹப்பில் கேசட்டைத் தாங்கும் ஃப்ரீஹப் உட்பட ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பதால், புதிய சைக்கிள் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இதைக் கருதுங்கள். இப்போதுள்ள சைக்கிளையே வைத்துக்கொள்வதாக இருந்தால் 46/30 கிராங்கே சிக்கனமானது. சமதளத்தில் 46/11 கியரிலும் 90 சுற்றுக்கு 47 கிலோமீட்டர் வேகம் கிடைத்துவிடும்.